ஆன்லைன் குழுவில் ஆறு பேர், உழைப்பது இரண்டு பேர்: எங்கிருந்து சரிசெய்வது?

ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி வேலை செய்யும் குழுவை முதன்முறையாக நடத்துகிறீர்களா? சீக்கிரமே கண்ணில் படும்: இரண்டு பேர் மாங்கு மாங்கென்று உழைப்பார்கள், மற்றவர்கள் ஒப்புக்கு மீட்டிங்கில் தலைகாட்டுவார்கள்.

சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதி பலம்தான் ஆளுக்கு வெளிப்பட்டது. ஆளாளுக்கு இழுப்பு ஒத்துவராததும் ஒரு காரணம்தான். ஆனால் 1979இல் அமெரிக்க உளவியலாளர் லட்டானேவும் சகாக்களும் ஆட்களைக் கத்தவைத்துப் பார்த்தபோது, கூட்டத்தோடு கத்துகிறோம் என்ற நினைப்பே சத்தத்தைக் குறைத்தது. தன் குரல் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தச் சுணக்கம் மறைவதையும் பிறகு கண்டார்கள். நமக்கு வேண்டிய சூட்சுமம் அதுதான்.

படி 1: ஒரு வேலை, ஒரு பெயர்

"அறிக்கையை யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சாட்டில் போட்டுப் பாருங்கள். ஐந்து கட்டைவிரல் வரும். கோப்பை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். அதையே ஒருவர் பெயரைப் போட்டு இப்படி எழுதுங்கள்: "3ஆம் பகுதி அட்டவணையின் கூட்டல்களை வியாழன் மாலை 4 மணிக்குள் சரிபார்த்து, தப்பு இருந்தால் கோப்பிலேயே குறித்துவையுங்கள்." இரண்டு பெயர் போட்டால் பழைய கதைதான், அவர் பார்ப்பார் என்று இவர் இருப்பார். துணைக்கு ஆள் இருக்கலாம், பொறுப்பு ஒருவருக்குத்தான்.

படி 2: எல்லோருக்கும் தெரியும் பட்டியல்

வேலை, பெயர், தேதி, நிலை என நான்கே பத்திகளில் ஒரு பகிர்வுத் தாள் போதும். மவுஸ் அசைவைக் கண்காணிக்கும் மென்பொருள் வேண்டவே வேண்டாம். மவுஸை ஆட்டக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

படி 3: குழுவைச் சிறிதாக்குங்கள்

பத்துப் பேர் என்றால் மூன்று நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள்.

படி 4: சுமையைப் பாருங்கள்

நன்றாகச் செய்பவர் தலையிலேயே மேலும் மேலும் ஏற்றாதீர்கள். 'நான் மட்டும் என்ன ஏமாளியா?' என்று தோன்றிய அன்றே அவரும் கையைக் கட்டிக்கொள்வார்.

படி 5: தனியாகக் கேளுங்கள்

யாராவது பின்தங்கினால் குழுவில் வைத்துக் கேட்காமல், தனியாக அழைத்து "எங்கே சிக்கிக்கொண்டது?" என்று கேளுங்கள். ஒருமுறை ஒருவர் மூன்று வாரமாக எதுவும் செய்யவில்லை. கடைசியில் கேட்டால், கோப்பைத் திறக்கும் அனுமதியே அவருக்குக் கிடைக்கவில்லையாம். கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். அனுமதி தரவேண்டியது நான்தான். அந்த மூன்று வாரமும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு அடித்துக்கொண்டிருந்ததும் நான்தான்.