விழுமியங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மலையகத்திலிருந்து ஒரு பார்வை

விழுமியங்கள் எல்லா மனிதருக்கும் பொதுவா, ஊருக்கு ஊர் வேறா என்று பேசும்போது பலரும் முதலில் சறுக்கும் இடம் ஒன்றுதான். நிலைமையைக் குணம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

1830-களுக்குப் பிறகு இலங்கையின் மலையகமான கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. கூலிக்கு வர மறுத்த சிங்களக் கிராமத்தாரைத் துரைமார் 'சோம்பேறிகள்' என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கிராமத்தாருக்கு வயலும், காடு வெட்டிப் பயிரிடும் சேனையும் இருந்தன. இன்னொருவர் நிலத்தில் நாட்கூலிக்கு நிற்பது கௌரவக் குறைவாகவும் பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து கூலிக்கு வந்த நம்மவர்களோ 'பணிவானவர்கள்' ஆனார்கள். ஊரில் பஞ்சம், தலைக்கு மேல் ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடன், கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக விடாத துண்டு முறை. இத்தனையும் இருக்க யார்தான் எதிர்த்துப் பேசுவார்? தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்களைப் பார்த்து 'லயத்துச் சனத்துக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று இன்றைக்கும் டவுனில் சிலர் சொல்வது அந்தத் துரைமார் கணக்குத்தான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970-களில் என்பதை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது, யாரைக் கேட்டார்கள் என்று பார்க்காமல் 'மனித இயல்பு' பற்றிய ஆய்வுகளை நம்புவது. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களைப் புரட்டி 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள்!

ஆட்களை மாற்றினால் முடிவும் மாறுகிறது. ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, இன்னொருவருக்குப் பங்கு தரச் சொல்லும் ஒரு விளையாட்டு உண்டு. மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. மேற்கத்திய மாணவர்கள் பாதியை ஒட்டித்தான் கொடுப்பார்கள். அற்பப் பங்கு வந்தால் மறுப்பார்கள். பெரு நாட்டு மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்கு கொடுத்தார்கள், எதிரில் இருந்தவர்களும் பெரும்பாலும் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். பப்புவா நியூகினியின் அவ், ஞாவ் மக்களிடையே பாதிக்கு மேல் நீட்டியதையும் வேண்டாம் என்றவர்கள் உண்டு. பெரிய பரிசை வாங்கினால் பின்னால் அது கடனாக நிற்கும் அல்லவா? கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் நமக்கு இது விளங்காமல் போகாது.

சரி, அப்படியானால் பொதுவாக எதுவுமே இல்லை என்று தாவுவதும் அவசரம். ஆலிவர் ஸ்காட் கரியும் குழுவினரும் 60 சமூகங்களைப் பற்றிய குறிப்புகளை அலசி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், உறவினருக்கு உதவுவது, கூட்டத்துக்குத் துணைநிற்பது, கைம்மாறு செய்வது, நியாயமாகப் பங்கிடுவது போன்ற ஏழு நடத்தைகள் ஏறக்குறைய எங்குமே நல்லவையாகத்தான் இருந்தன. எதை முன்னே வைப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. தோட்டத்து மரண உதவிச் சங்கமும் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மரணாதார சமித்தியும் சடங்கில் வேறு. சாவு வீட்டுக்குத் தோள்கொடுப்பதில் ஒன்று.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது 'அது அவர்கள் கலாசாரம், நாம் பேசக்கூடாது' என்ற பெருந்தன்மை. கொழுந்து பறித்தவள் மனைவி, சம்பளத்தைக் கையில் வாங்கியவன் கணவன் என்று பல தோட்டங்களில் நெடுங்காலம் நடந்தது. அதை வழக்கம் என்று சொன்னவர் யார்? பறித்தவளைக் கேட்டார்களா? ஒரு சமூகத்துக்கு ஒரே குரல் என்று எடுத்துக்கொண்டால், அந்தக் குரல் பெரும்பாலும் சம்பளம் வாங்கியவருடையதாகவே இருக்கும்.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது, மனித உரிமை என்பதே மேற்கத்தியச் சரக்கு என்ற வாதம். 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர்களில் சீனாவின் பி. சி. சாங்கும் லெபனானின் சார்ல்ஸ் மாலிக்கும் இருந்தார்கள். முதலாம் உறுப்புரையில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படக்கூடிய தொடரை 'எல்லா மனிதரும்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. அதன் 15-ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்கிறது. அதே 1948-இல்தான் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே மிச்சம் இருந்தவர்களுக்கான சட்டம் 2003 வரை வரவில்லை. அந்த 55 வருஷமும் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் போய், நீங்கள் கேட்பது மேற்கத்திய ஆசை என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.