டைனோ வந்த டேங்கைச் சுத்தம் செய்தே கெடுக்காதீர்கள்

பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியான ரீஃப் டேங்கில் மணல்மேல் பழுப்பாக ஏதாவது படர்ந்தால் போதும்: தீனியைக் குறைப்பார்கள், தண்ணீரை மாற்றுவார்கள், பாஸ்பேட் உறிஞ்சியைக் கூட்டுவார்கள். பச்சைப் பாசிக்கு இது சரியான வைத்தியம். வந்திருப்பது டைனோபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச்செல் உயிரி என்றால் இதுவே அதை முற்ற வைக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் டைனோவோடு போட்டி போடும் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கிவிடும். அந்தக் காலி இடத்தை டைனோ பிடித்துக்கொள்ளும். உலர் பாறையில் தொடங்கிய புது டேங்குகளில் இது சகஜம்.

எது வந்திருக்கிறது என்று பார்க்காமலே மருந்தைத் தேடுவதுதான் முதல் தவறு. புது டேங்கில் தூசிபோல் படிவது பெரும்பாலும் டயாட்டம் என்ற சிலிகாக் கூட்டுப் பாசி. சில வாரங்களில் தானே போய்விடும். கருஞ்சிவப்பாக, தோல்போல் உரிந்து வந்தால் சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. சளிபோல் நூல்நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு பகலில் திரண்டு, விடிகாலையில் பாதி காணாமல் போயிருந்தால் டைனோவைச் சந்தேகிக்கலாம். அந்தச் சளியில் கொஞ்சத்தை டேங்க் தண்ணீரோடு பாட்டிலில் போட்டுக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டுங்கள். வடிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி திரண்டு நூலாகச் சேர்ந்தால் டைனோதான்.

இனம் தெரிய 400 மடங்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால், தண்ணீரில் மிதக்கும் உயிரிகளைக் கொல்லும் UV விளக்கில் பணம் வீணாகும். ஆஸ்ட்ரியாப்சிஸ் கண்ணீர்த்துளி வடிவில், நுனியைக் கட்டிப்போட்டதுபோல் ஒரே இடத்தில் சுழலும். இரவில் தண்ணீருக்குள் எழும்பி வருவதால் UV-யில் சிக்கும். 10 லிட்டருக்கு 1 வாட் கணக்கில் போட்டு, சம்ப் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) வழியாகச் சுற்றாமல் டேங்கிலிருந்தே இழுத்து டேங்குக்கே திருப்பி விடுங்கள். பெரிய ஆம்ஃபிடினியம் முட்டை வடிவம், முனையில் சின்ன மூக்கு, வழுக்கிக்கொண்டு நகரும். அது மணலை விட்டு வராது. அதற்கு UV தண்டம். சோடியம் சிலிகேட் சேர்த்து டயாட்டத்தை வளர்த்து, அதைப் போட்டிக்கு இறக்குவதே அங்கே எடுபடும்.

எந்த இனமானாலும் நைட்ரேட் 5 முதல் 10 ppm (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 ppm இருக்கட்டும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட், பாஸ்பேட்டைக் குறைக்க ஊற்றும் வோட்கா, வினிகர் டோசிங்கையும் நிறுத்துங்கள். 12 நீர்மூலக்கூறு கொண்ட டிரைசோடியம் பாஸ்பேட் 4 கிராமைக் கரைத்து, ஆர்ஓ நீர் விட்டு 1 லிட்டராக்கினால், ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் பாஸ்பேட் இருக்கும். 200 லிட்டர் டேங்கில் 0.02 ppm கூட்ட 4 மில்லி போதும். ஒரே நாளில் அதற்குமேல் ஏற்றாதீர்கள். மறுநாள் டெஸ்ட் கிட் மறுபடி பூஜ்யம் காட்டும், பயப்பட வேண்டாம்: உலர் பாறை பாஸ்பேட்டை உறிஞ்சும். பாறை நிறையும்வரை தினமும் அளந்து ஊற்றுங்கள். இங்கேதான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள்.

சைஃபன் செய்யலாம், ஆனால் உறிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது உப்புநீர் ஊற்றாதீர்கள், அது பல நேரம் டைனோவுக்குப் புதுத் தெம்பு. 10 மைக்ரான் பையில் வடிகட்டி அதே நீரைத் திருப்பி விடுங்கள்.

"நத்தை விட்டால் தின்றுவிடும்" என்ற யோசனையும் வேண்டாம். ஆஸ்ட்ரியாப்சிஸ் பாலிடாக்சின் வகை நஞ்சு சுரக்கும். தின்ற நத்தை செத்து விழும். 2005-இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் ஆஸ்ட்ரியாப்சிஸ் பெருகியபோது, காற்றில் வந்த திவலையைச் சுவாசித்தே சுமார் 200 பேர் சிகிச்சைக்குப் போனார்கள். கையுறை போடுங்கள், பாறையை வெந்நீரில் கழுவாதீர்கள். நஞ்சை உறிஞ்சப் போடும் ஆக்டிவேட்டட் கார்பனைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மூன்று நாள் இருட்டடிப்பு UV-யோடு சேர்ந்தால்தான் பயன். தனியாகச் செய்தால் விளக்கு போட்ட வாரமே திரும்பி வரும்.

சயனோ என்றே உறுதியாகி எரித்ரோமைசின் வகை மருந்து போடுவதானால், ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) கோப்பையைக் கழற்றிவிட்டு ஏர் ஸ்டோன் ஓட விடுங்கள். சயனோ சாகும்போது ஆக்சிஜன் சரியும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். 48 மணி நேரம் கழித்து 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். அப்போது நைட்ரேட் பூஜ்யத்தில் இருந்தால், சயனோ விட்டுப்போன மணலில் அடுத்து ஏறுவது டைனோவாக இருக்கலாம்.