மாடியாகப் பிரிக்கப்பட்ட பழைய கட்டடத்தில் வீடு வாங்கும்போது சோலைவரியைத் தீர்த்துக்கொள்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரே உறுதியில் இருந்த பழைய கட்டடங்களைத் திருத்தி, தளம் தளமாகப் பிரித்துத் தொடர்மாடி வீடுகளாக விற்கும் இடங்களில், வாங்குபவர்கள் உறுதியைப் பார்க்கும் கவனத்தில் பாதியைக்கூடச் சோலைவரிக்கு, அதாவது வீடு, காணிக்காக உள்ளூராட்சி மன்றம் அறவிடும் வரிக்கு, கொடுப்பதில்லை. சிக்கலின் வேர் இதுதான்: கட்டடம் காகிதத்தில் பல வீடுகளாகிவிட்டாலும், உள்ளூராட்சி மன்றத்தின் வரிப் பதிவேட்டில் அது இன்னமும் ஒரே வரி இலக்கத்தைக் கொண்ட ஒரே ஆதனமாகவே இருக்கக்கூடும்.

முதலில் கட்டடம் எந்தச் சபையின் எல்லைக்குள் உள்ளது என்பதை உறுதிசெய்யுங்கள். நல்லூர்க் கோயிலடி மாநகர சபைக்குரியது. திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் நல்லூர் பிரதேச சபை. முகவரியில் "யாழ்ப்பாணம்" என்று எழுதியிருப்பதை நம்பி வேறு சபைக்குப் போய் நிற்பவர்கள் உண்டு.

அடுத்து, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உரிமைச் சட்டத்தின் கீழ் நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் தனி அலகாகக் காட்டும் வரைபடம்) காணிப் பதிவகத்தில் பதியப்பட்டுள்ளதா என்று உங்கள் நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கள். பதியப்படாமல், நிலத்தில் பிரிபடாப் பங்கு ஒன்றை எழுதித்தந்து "மேல்மாடி உங்களுடையது" என்று சொல்லப்படுமானால், நீங்கள் வாங்குவது வீடல்ல, கூட்டுரிமை. அதற்குத் தனி வரி இலக்கம் எளிதில் கிடைக்காது. மேலும் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட கூட்டுரிமையாளர்களின் முன்வாங்கும் உரிமையும் (வெளியாருக்கு விற்குமுன் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமை) குறுக்கே வரக்கூடும். நான் இப்படியான வீட்டை விலை குறைவு என்பதற்காக வாங்கமாட்டேன்.

வரைபடம் பதியப்பட்டிருந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியான வருடாந்தப் பெறுமதி (ஓராண்டுக்கு வரக்கூடிய வாடகையின் மதிப்பீடு) மதிப்பிடப்பட்டுத் தனி இலக்கம் வழங்கப்படும்வரை, பழைய கட்டடம் முழுவதற்குமான வரிச்சீட்டே வந்துகொண்டிருக்கும். சோலைவரி ஆளைவிட ஆதனத்தையே பற்றி நிற்பது. நிலுவையைத் தீர்க்காமல் பழைய உரிமையாளர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டால், சபை கேட்பது அங்கே குடியிருப்பவரிடம்தான். ஓர் உதாரணம் பாருங்கள். முழுக் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதி 6 இலட்சம் ரூபாய், வரி வீதம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 48,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் நிலுவையென்றால் 1,44,000. உங்கள் வீட்டின் பங்குப் பெறுமதி, அதாவது முழுக் கட்டடத்தில் அதற்குரிய வீதாசாரம், 15 சதவீதமாக இருந்தால் நியாயமாக உங்கள் பாகம் 21,600 ரூபாய்தான். ஆயினும் பெயர் மாற்றத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கும்போது சபை முழு நிலுவையையும் தீர்த்துவரச் சொல்ல இடமுண்டு. ஆகவே உறுதி எழுதுவதற்கு முன்னர், முழு இலக்கத்துக்கும் கடைசிக் காலாண்டுவரை பணம் கட்டிய பற்றுச்சீட்டையும், நிலுவையில்லை என்ற சபையின் கடிதத்தையும் விற்பவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்து நொத்தாரிசிடம் வைப்பாக வைக்கும்படி உடன்படிக்கையில் எழுதச் செய்யுங்கள். தனி இலக்கம் கிடைக்கும்வரை வரும் சீட்டுகளை யார், எந்த வீதாசாரத்தில் கட்டுவது என்பதும் அதே உடன்படிக்கையில் வரவேண்டும்; வீடுகள் எண்ணிக்கையால் சமமாகப் பிரிப்பதைவிடப் பங்குப் பெறுமதியின்படி பிரிப்பதே பின்னால் வரும் தகராறைக் குறைக்கும்.

உறுதி பதிந்தவுடன் அதன் பிரதியோடும் கூட்டாதன வரைபடத்தோடும் சபையின் வரிப் பகுதியில் தனி மதிப்பீட்டுக்கும் பெயர் மாற்றத்துக்கும் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். வரி கூடுமென்றே எதிர்பாருங்கள்: திருத்தப்பட்டு மாடிகள் கூட்டப்பட்ட கட்டடத்தைப் பழைய ஓட்டு வீட்டின் பெறுமதியில் யாரும் விடமாட்டார்கள். கீழ்த்தளத்தில் கடைகள் இருந்தால், அவற்றின் பெறுமதி உங்கள் வீட்டின் மதிப்பீட்டில் கலந்துவிடவில்லை என்பதையும் பாருங்கள். புதிய மதிப்பீட்டு அறிவித்தல் அதிகமாகத் தோன்றினால், அதில் குறித்த காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள், அறிவித்தல் கட்டடத்தின் கதவுக்குத்தான் வரும் என்பதை நினைவிற்கொண்டு, அற்றோர்னித் தத்துவம் பெற்றவரிடம் இதைத் தனியே சொல்லிவைப்பது நல்லது.

வாங்கும்போது ஒருமுறை கட்டும் முத்திரைத் தீர்வை வேறு. முதல் 1 இலட்சம் ரூபாய்க்கு 3 சதவீதமும் எஞ்சியதற்கு 4 சதவீதமும் என்ற கணக்கில், 2 கோடி ரூபாய் வீட்டுக்கு 7,99,000 ரூபாய் வரும். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினாலும் மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைத்தான் பார்க்கும். சொல்லப்பட்ட விலையில் பெறுமதி சேர் வரி அடங்குமா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தனி இலக்கம் கைக்கு வந்தபின், ஆண்டு முழுவதற்குமான வரியைச் சனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. காலாண்டாகக் கட்டுபவர்களுக்கு அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் 5 சதவீதம்.