செரன்கோவ் ஒளி: இருட்டு டப்பாவுக்குள் நாம் செய்யும் தவறுகள்

புராஜெக்ட் கேட்டு வரும் மாணவர்களில் ஒரு குழுவாவது அணு உலைத் தண்ணீர் நீலமாக ஒளிரும் படத்தைக் காட்டி, “இதைச் செய்யலாமா சார்?” என்கிறது. அந்த நீலம்தான் செரன்கோவ் ஒளி: மின்னூட்டமுள்ள துகள், தண்ணீருக்குள் ஒளி போகும் வேகத்தை மிஞ்சிப் பாயும்போது கிளம்பும் ஒளி. செய்யலாம், ஆனால் அந்த நீலம் நம் கண்ணுக்குக் கிடைக்காது. மும்பை டிராம்பேயில் 1956-இல் இயங்கத் தொடங்கிய அப்சரா போன்ற நீச்சல்குள உலையில் கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து தரும் வெளிச்சம் அது. ராமநாதபுரம் கடற்கரையில் நமக்கு இலவசமாக வருபவை காஸ்மிக் கதிர் மியூயான்கள், அதாவது விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் மின்னூட்டத் துகள்கள். விரல் நகம் அளவு இடத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழும். அது தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் போனால் கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் சுமார் 200 ஃபோட்டான் (ஒளித்துகள்) தான் வரும். அதைப் பிடிக்க, மிக மங்கிய ஒளியையும் மின்துடிப்பாகப் பெருக்கித் தரும் போட்டோமல்டிபிளையர் குழாய் வேண்டும்.

ராத்திரி வலை இழுக்கும்போது கடல் மின்னுவதும் இதுதான் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, அது நுண்ணுயிர்களின் வேதிவினை.

“ஒளியையே மிஞ்சிய துகள்” என்று சார்ட்டில் எழுதிவிடாதீர்கள். வெற்றிடத்தில் ஒளியை எதுவும் மிஞ்சவில்லை. தண்ணீருக்குள் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைகிறது. மியூயான் அதைத்தான் மிஞ்சுகிறது. படகு கிழிக்கும் அலையைச் சொல்லி விளக்குவது நல்லதுதான், ஆனால் கோணத்தில் கவனம். தண்ணீரில் அதிவேகத் துகளின் பாதைக்கு 41 டிகிரி சாய்வில் ஒளி கிளம்புகிறது. படகின் அலை போலத் துகளுக்குப் பின்னால் விரியும் அலைமுகக் கூம்பின் அரைக்கோணமோ 49 டிகிரி. இரண்டையும் மாற்றிப் போட்டு, குழாயைத் தப்பான இடத்தில் பொருத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி தண்ணீர் வாளியையும் குழாயையும் வைக்கும் இருட்டு டப்பாவுக்கு வருவோம். எங்கள் முதல் டப்பாவில் குழாயின் துடிப்பு எண்ணிக்கை எகிறியது. பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஜன்னலைச் சாத்தியதும் பாதியாகிவிட்டது. கேபிள் நுழையும் துளையைச் சுற்றி ஒரு சுற்று கறுப்பு டேப்தான் ஒட்டியிருந்தோம், வெயில் சூட்டில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம்: அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூடியின் விளிம்பு, துளை, மூலை என்று ஒவ்வொரு இடமாகக் காட்டுவோம். எங்கே காட்டும்போது எண்ணிக்கை ஏறுகிறதோ அங்கே ஓட்டை. உயர் மின்னழுத்தத்தை நிறுத்தாமல் மூடியைத் திறப்பதுதான் விலை உயர்ந்த தவறு, குழாயே போய்விடும். மின்சாரம் இல்லாதபோதும் வெளிச்சம் பட்ட குழாய் அமைதியாகச் சில மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அளக்காதீர்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமான தவறும் ஒன்று உண்டு. பாம்பன் பாலத்து இரும்பையே அரித்த உப்புக்காற்று உங்கள் குழாயின் சாக்கெட்டை விட்டுவைக்குமா? ஈரமும் உப்பும் படிந்த இடத்தில் மின்சாரம் கசிந்து, பொய்த் துடிப்புகள் மியூயான் வேஷத்தில் வரும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டை உள்ளே வையுங்கள். போர் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். செரன்கோவ் ஒளி நீலத்திலும் புறஊதாவிலும்தான் அதிகம், அதைக் கலங்கல் முதலில் விழுங்கிவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அதையும் மாதக்கணக்கில் வைத்திருந்தால் பாசி பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு வருகிற எண்ணிக்கை முழுவதும் மியூயான் இல்லை. 30 செ.மீ. விட்டமுள்ள வாளியில் நொடிக்குப் பன்னிரண்டு மியூயான் போல விழும். குழாயோ எதுவும் விழாமலே நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் தானாகத் துடிக்கும். அதனால் வாளிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு சிண்டிலேட்டர் தகடு (துகள் பாய்ந்தால் மின்னும் தகடு) வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் வாளியின் துடிப்பை எண்ணுங்கள். அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். பெரும்பாலோர் இந்த வேலையைச் செய்வதில்லை, சோம்பல்தான். வடித்த பிறகும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராவிட்டால் பயப்பட வேண்டாம். மியூயான் நேராகக் குழாயின் கண்ணாடி முகப்பில் பாய்ந்தால் அந்தக் கண்ணாடியும் செரன்கோவ் ஒளி தரும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள்.