நெட்டைத் துண்டித்தாலும் முழுதாக வேலை செய்யும் கணினி: படிப்படியாக அமைப்பது எப்படி?

நெட் இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எழுத, படிக்க, கணக்குப் பார்க்க, பாட்டுக் கேட்க எதற்கும் இணைப்பு தேவையில்லை. வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கோப்புகள், கடைசியில் இணைப்பைத் துண்டிப்பது. கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கான படிகள்.

படி 1: கோப்புகள் உண்மையிலேயே உங்களிடம் இருக்கின்றனவா?

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பயன்படுத்துபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பெயர் தெரிந்தாலும் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தால் அது சர்வரில்தான் இருக்கிறது. நெட் இல்லாமல் திறக்காது. அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் வரும்வரை காத்திருங்கள். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் கோப்பு இப்போதைக்கு இருக்கிறது. ஆனால் இடத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அதைப் பிறகு நீக்கிவிடக்கூடும்.

கூகுள் டாக்ஸில் எழுதியவற்றை வேர்ட் கோப்பாக டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

படி 2: ஆஃப்லைன் மென்பொருள்கள்

ஆவணங்களுக்கு லிப்ரெஆபிஸ், குறிப்புகளுக்கு ஜாப்லின், படத்துக்கும் பாட்டுக்கும் விஎல்சி. எல்லாமே இலவசம். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் போடுங்கள்: இறக்கிய அஞ்சல்களை நெட் இல்லாமல் படிக்கலாம், ஆஃப்லைனில் எழுதும் பதில்கள் அவுட்பாக்ஸில் காத்திருந்து, இணைந்த பிறகு போய்ச்சேரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிவிக்ஸ். விக்கிப்பீடியா முழுவதையும் 'ஜிம்' என்ற ஒரே கோப்பாக இறக்கி, இணைப்பில்லாமல் தேடிப் படிக்கலாம். படங்களோடு கூடிய ஆங்கிலப் பதிப்பு 100 ஜிபியைத் தாண்டும். தமிழ்ப் பதிப்பு அதைவிட மிகச் சிறியது, அதிலிருந்து தொடங்குங்கள். பெரிய கோப்பைப் பென்டிரைவில் வைப்பதாக இருந்தால் அது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கட்டும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு சந்தேகத்தைத் தீர்க்க பிரவுசரைத் திறந்து வேறெங்கோ போய்விடுவதைக் கிவிக்ஸ் ஒன்றே பெருமளவு தடுக்கும்.

படி 3: குறுக்கீடுகளைக் குறையுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் அரட்டைச் செயலிகளை டிசேபிள் செய்யுங்கள். வைரஸ் தடுப்பு, ஆடியோ, டச்பேட் தொடர்பானவற்றைத் தொடவேண்டாம். பிறகு செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'டு நாட் டிஸ்டர்ப்' போடுங்கள்.

படி 4: இணைப்பு தானாக வராமல் இருக்கட்டும்

செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை என்று போய் உங்கள் நெட்வொர்க்கின் பண்புகளைத் திறந்து, தானாக இணையும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீங்களாகக் கிளிக் செய்தால்தான் இணைப்பு வரும்.

படி 5: இணையும் நேரம்

இணையத்தில் பார்க்க வேண்டியவை தோன்றத் தோன்ற ஒரு தாளில் எழுதுங்கள். நாளில் ஒரு நேரத்தை ஒதுக்கி, இணைந்து, பட்டியலை முடித்து, துண்டியுங்கள். விண்டோஸ் அப்டேட்டை அந்த நேரத்திலேயே பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன.

கோப்புகள் இப்போது உங்கள் கையில் இருப்பதால் பேக்கப்பும் உங்கள் பொறுப்பு. வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகல் எடுங்கள். எடுத்ததும் அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.