உருமுச்சி செய்தியை எப்படிச் சரிபார்ப்பது

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. சீனாவின் வடமேற்கில் ஷின்ஜியாங் பகுதியில் வாழும் உய்குர் முஸ்லிம் மக்களைப் பற்றிய செய்தி என்றால் முதலில் தேதியைப் பார்ப்பேன்.

ஷின்ஜியாங்கின் தலைநகரான உருமுச்சியில் 2009 ஜூலை 5 அன்று நடந்த கலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து மட்டும் தொடங்கும் கட்டுரை பாதிக் கதைதான். ஜூன் கடைசியில் குவாங்டொங் மாகாணத்தின் ஷாவ்குவானில், ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் இரண்டு உய்குர் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். உருமுச்சி ஊர்வலம் அதற்கு நீதி கேட்டுத்தான் கிளம்பியது. ஜூலை 7 அன்று, சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மக்களின் கூட்டம் பதிலுக்குத் தடிகளோடு தெருவில் இறங்கியது. அதையும் தேடிப் படியுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. இறந்தவர்கள் 197 பேர், பெரும்பாலோர் ஹான் என்பது சீன அரசின் கணக்கு. வெளிநாட்டில் வாழும் உய்குர்களின் அமைப்பான உலக உய்குர் காங்கிரஸ் அதைவிட மிக அதிகம் என்றது. சொன்னவர் யார் என்பதில்லாமல் எண்ணை எழுதாதீர்கள். ஷின்ஜியாங்கில் பல மாதம் இணையம் முடக்கப்பட்டிருந்ததால், எண்ணைச் சரிபார்ப்பதும் கடினமாக இருந்தது.

படங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். உருமுச்சி என்று அந்தக் காங்கிரஸின் அப்போதைய தலைவர் ரெபியா கதீர் தொலைக்காட்சியில் காட்டிய ஒரு படம், ஹூபே மாகாணத்தின் ஷிஷோவில் எடுத்தது. அதற்காக உய்குர் தரப்பு சொல்வதை எல்லாம் தள்ளிவிடுவது பெரிய அநியாயம். அரசே அழைத்துப்போன வெளிநாட்டு நிருபர்கள் முன்னால் உய்குர் பெண்கள் வந்து, பிடித்துச்சென்ற கணவர்களையும் மகன்களையும் விடச் சொல்லி அழுதார்கள். உங்கள் கட்டுரையில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள்.