வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கப் போகிறீர்களா? முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

முப்பது, நாற்பது வயதில் மறுபடி கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மொத்தத் தொகை போதாமல் போவதைவிட, வேண்டிய மாதத்தில் பணம் கையில் இல்லாமல் போவதுதான் பெரிய தொல்லை. கல்லூரிக் கட்டணம் மொத்தமாகப் போகும், உதவித்தொகை வந்தாலும் தாமதமாக வரும், வீட்டு வாடகை மட்டும் தேதி தவறாது. அதனால் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் செய்து முடியுங்கள்.

படி 1: ஒரு நோட்டில், இரண்டு வருடப் படிப்பென்றால், 24 கட்டம் போடுங்கள். செமஸ்டர் கட்டணம், தேர்வுக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, இ.எம்.ஐ., தீபாவளி என்று தள்ளிப்போட முடியாததை முதலில் அந்தந்த மாதத்தில் எழுதுங்கள். மளிகை அப்புறம். எந்தக் கட்டத்தில் இடம் போதவில்லையோ, அந்த மாதத்துக்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் ஜூன், ஜூலையாகத்தான் இருக்கும்.

படி 2: உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்கள். கையில் 3,60,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்துக்கு 80,000, அவசரத்துக்கு 40,000 ஒதுக்கினால் மீதி 2,40,000. அதாவது மாதம் 10,000. சேமிப்பை ஒரு கணக்கில் வைத்து, ஒன்றாம் தேதி இந்தத் தொகை மட்டும் வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். ஏடிஎம் கார்டு இரண்டாவது கணக்குக்கு மட்டும் போதும். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

படி 3: வெளியிலிருந்து என்ன வரும் என்று பாருங்கள். பல உதவித்தொகைகளுக்கு வயது வரம்பு உண்டு. ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், ஆனால் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 30 வயதுக்குள். பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருடத் தளர்வு. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்கு வயது வரம்பே இல்லை, அதில் தகுதி பெற்று முழுநேர எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது.

கல்விக்கடனுக்கு மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். திருமணமானவர்கள் கணவரையோ மனைவியையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும், முடிந்தால் அதை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். விடுதிக் கட்டணம், புத்தகம், கணினி எல்லாம் கடனில் சேரும். குடும்பத்தோடு இருக்கும் வீட்டின் வாடகைக்கு அதை நம்பாதீர்கள்.

படி 4: சென்னையில் செலவைக் குறைக்க வழி நிறைய இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு, வீட்டில் ஏசி போட்டுப் படிக்கும் கரண்ட் பில் மிச்சம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம், கூச்சப்பட ஒன்றுமில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வீடு மாறுவதாக இருந்தால் 10 மாத அட்வான்ஸ் கேட்பார்கள், தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைதான் உச்சம், அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

படி 5: கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று, கடைசி வேலைநாளுக்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.